குண்டு ஏன் அங்கே போகிறது? போல்ட் ரைபிளின் கோளாறைத் தேடும் வழி

"வேட்டையைத்தான் எப்பவோ தடை பண்ணிட்டாங்களே, உனக்கு எதுக்குடா ரைபிள்?" ஊரிலிருந்து டெல்லிக்கு வரும் மாமாக்களில் இதைக் கேட்காதவர் இன்னும் வரவில்லை. கேள்வி நியாயம்தான். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு நம் நாட்டில் பெரிய மிருக வேட்டை முடிந்துவிட்டது. என்னிடம் இருப்பது பாயின்ட் 22 ஸ்மால்போர், அதாவது குழல் விட்டம் சிறிய, ரைபிள். அது சுடுவது 50 மீட்டர் தள்ளி இருக்கும் காகிதத்தை மட்டும்.

ஆனால் மான் வேட்டைக்கு வெளிநாட்டில் தயார் செய்யும் போல்ட் ரைபிளும் (பின்னால் உள்ள போல்ட்டைக் கையால் திறந்து மூடிச் சுடுவது) துக்ளகாபாத்தில் நாங்கள் சுடும் ரைபிளும் பிழைவிடும் விதம் ஒன்றுதான். திருகு தளரும், ஸ்டாக் எனப்படும் மர அல்லது அலுமினியக் கட்டை பேரலை, அதாவது குழலை, தொடும், தோட்டா மாறும், சுடுபவனின் கன்னம் இடம் மாறும். வேட்டைக்காரருக்கு அது தெரிவது காட்டில். நமக்கு அடுத்த நொடியே இலக்கோடு இணைத்த திரையில் தெரிந்துவிடும்.

துக்ளகாபாத்தில் நாங்கள் சுடும் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டு, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்டது. யாருடைய பெயரோ அந்தப் பிகானேர் மகாராஜா சுட்டது ரைபிளில் அல்ல, ஷாட்கன்னில், களிமண் தட்டுகளை. அது வேறு உலகம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாராவது ஒரு பையனோ பெண்ணோ வந்து, "அண்ணா, ரைபிள் கெட்டுப்போச்சு" என்பார்கள். பத்தில் எட்டு முறை ரைபிள் கெட்டிருக்காது. எதைத் தொடுவதற்கு முன்பும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்து, அது காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகுங்கள். அப்புறம் ஒரு நோட்டை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்துக் குண்டு சுட்டு, எழுதி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஐந்து குண்டு போதாது. ஐந்தில் நல்ல குரூப், அதாவது குண்டுகள் நெருங்கி விழும் கூட்டம், வருவது பல நேரம் அதிர்ஷ்டம்.

குண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன

இதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இது மட்டும்தான் கிட்டத்தட்ட எப்போதும் ரைபிளின் தவறு. நான்கு குண்டு ஒரு ஓட்டையில் போகும், அடுத்த மூன்று ஒரு சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு ஓட்டையில், மறுபடி பழைய இடம். சுடுபவர் தவறினால் குண்டு சிதறும். இப்படி இரண்டு வீடு கட்டிக்கொண்டு மாறி மாறிக் குடியிருக்காது.

ஆக்‌ஷன், அதாவது பேரலும் போல்ட்டும் சேர்ந்த இரும்புப் பகுதி, ஸ்டாக்கில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். ஒவ்வொரு வெடிக்கும் அது அசைந்து, இரண்டு இடங்களில் மாறி மாறி உட்காருகிறது. முதலில் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஆக்‌ஷன் திருகுகளைப் பாருங்கள். கையால் முறுக்கி "டைட்டாத்தான் இருக்கு" என்று சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் ரைபிளின் கையேட்டில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். என்னுடையதில் 5. இரண்டு திருகுக்கும் ஒரே அளவு, எப்போதும் ஒரே வரிசை. சிறிது சிறிதாக, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி முறுக்க வேண்டும்.

திருகு சரியாக இருந்தும் இரண்டு கூட்டம் வந்தால் இந்தச் சோதனை. காலி ரைபிளைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளுங்கள். பேரலும் ஸ்டாக்கின் முன்பகுதியும் சந்திக்கும் இடத்தில், இரண்டையும் தொடும்படி ஒரு விரலை வையுங்கள். மற்றொரு கையால் முன்திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். விரலுக்கடியில் எதுவும் அசையக் கூடாது. பேரல் ஸ்டாக்கிலிருந்து நகர்வதை உணர்ந்தால், திருகு இத்தனை நாளும் இரும்பை வளைத்துப் பிடித்திருந்தது என்று தெரிந்துவிடும். அதற்குத் தீர்வு பெடிங்: ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தில் எபாக்ஸி இட்டு, இரும்பின் வடிவத்துக்கே அச்செடுப்பது. திருகு மரத்தை நசுக்காமல் இருக்க இரண்டு அலுமினியக் குழாய்களையும் பதிப்பார்கள். வேட்டை ரைபிளைத் தயார் செய்பவர்கள் முதலில் செலவழிப்பதும் இதற்குத்தான். வீட்டில் செய்யாதீர்கள். எபாக்ஸி இரும்பில் ஒட்டாமல் தடுக்கும் ரிலீஸ் மெழுகைச் சரியாகத் தடவாமல் ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு நிரந்தரமாக ஒட்டவைத்த ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார். இன்னமும் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

மழைக்காலம் வந்ததும் குரூப் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது

மர ஸ்டாக்கா? அப்படியானால் ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டைப் பேரலுக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஆக்‌ஷன்வரை இழுத்துக்கொண்டு வாருங்கள். எங்கும் தட்டாமல் வர வேண்டும். சிக்கினால் மரம் அந்த இடத்தில் பேரலைத் தொடுகிறது.

ஜூனில் நாற்பது டிகிரியில் காய்ந்து கிடந்த மரம், ஆகஸ்டில் ஈரம் குடித்து ஊதும். என் பழைய ரைபிளின் வால்நட் ஸ்டாக் ஒவ்வொரு ஆண்டும் இதைச் செய்தது. ஜூலையில் சரியாக இருந்த குரூப் ஆகஸ்டில் இடப்பக்கம் மேலே போய் உட்காரும். முதல் வருடம் நான் டயாப்டரை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு துளையுள்ள பின்சைட்டை, திருப்பித் திருப்பிச் சரி செய்தேன். அக்டோபரில் மரம் காய்ந்ததும் எல்லாம் எதிர்ப்பக்கம் போயிற்று. இரண்டாவது வருடம்தான் பத்து ரூபாய் நோட்டை எடுத்தேன். தட்டும் இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வெறும் மரத்தை மீண்டும் எண்ணெய் பூசி மூடினால் போதும். அலுமினிய ஸ்டாக் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

குண்டுகள் மேலும் கீழுமாக நீள்கின்றன

இங்கே சந்தேகப் பட்டியல் நீளம். முதலில் தோட்டா.

பாயின்ட் 22 மேட்ச் தோட்டாவின் குண்டு 40 கிரெய்ன், ஏறக்குறைய 2.6 கிராம். பேரலை விட்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும். வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டி இறங்கும்போது குண்டு குலுங்கும். 50 மீட்டரைக் கடக்க 0.15 நொடி ஆகும், அதற்குள் புவியீர்ப்பு அதைப் பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். இரண்டு குண்டுகளுக்கு நடுவே வேகத்தில் 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால், இலக்கில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். பத்து வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். மலிவான தோட்டாவில் எவ்வளவு மூச்சை அடக்கினாலும் பத்து ஏன் நிலைக்காது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஆகவே ஒரே லாட் எண்ணுள்ள, அதாவது ஒரே தொகுதியில் தயாரான, பெட்டிகளையே சுடுங்கள். ஒரே பிராண்ட், ஒரே நிறப் பெட்டி, ஆனால் லாட் வேறு என்றால் அது வேறு தோட்டாதான். கலக்காதீர்கள். பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். மயூர் விஹாரிலிருந்து வரும் ஒரு பையன் மே மாதத்தில் மதியம்வரை நன்றாகச் சுட்டுவிட்டு, அதற்கப்புறம் குண்டு மேலே ஏறுகிறது என்று புலம்பினான். பெட்டி ஜன்னலோரம், சூரியன் விழும் இடத்தில் இருந்தது. தொட்டால் சுட்டது. நிழலுக்கு மாற்றி, அரை மணி நேரம் விட்டுச் சுடச் சொன்னேன். குண்டு இறங்கிவிட்டது.

தோட்டா சரி என்றால் அடுத்தது தோள். படுத்துச் சுடும்போது ரைபிளின் பின்முனைத் தகடான பட் பிளேட் தோளில் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ரைபிளைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி வைப்பவர்களுக்கு இது நழுவும். டெல்லிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறி உண்டு: குளிர்காலம். டிசம்பர் காலையில் ஐந்து டிகிரிக்கு வந்ததும் ஜாக்கெட்டுக்கு உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போடுகிறோம். தோளுக்கும் ட்ரிகருக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் துணி கூடிவிட்டது. அதாவது ஸ்டாக் அரை சென்டிமீட்டர் நீண்டுவிட்டது. கண் டயாப்டரிலிருந்து தள்ளிப்போகும், கன்னம் வேறு இடத்தில் விழும். பட் பிளேட்டை அந்த அளவு உள்ளே தள்ளினால் பிரச்சினை போய்விடும். மார்ச்சில் திரும்ப வெளியே எடுக்க மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன், ஒருமுறைக்கு மேல்.

மூச்சு கடைசிச் சந்தேகம். காலி ரைபிளில் இலக்கைப் பார்த்துக்கொண்டே மூச்சு விடுங்கள். முன்சைட் நேர் செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும். சாய்வாக நகர்ந்தால் உடம்பு ரைபிளோடு சேர்ந்து திரும்பியிருக்கவில்லை. இடுப்பை நகர்த்துங்கள், கையால் ரைபிளைத் தள்ளாதீர்கள்.

குண்டுகள் பக்கவாட்டில் பரவுகின்றன

காற்று என்று எல்லோரும் சொல்வார்கள், பாதி நேரம் உண்மையும்கூட. குறுக்கே நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ரேஞ்சின் காற்றுக்கொடி லேசாக அசையும் அளவுதான், 50 மீட்டரில் குண்டை ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளும். பத்து ஒன்பதாக அதுவே போதும். குண்டை வலப்பக்கமாகச் சுழற்றி அனுப்பும் வலச்சுழல் பேரலில் குண்டு பக்கவாட்டில் மட்டும் போகாது. இடப்புறக் காற்று அதை வலமும் சற்றுக் கீழும் தள்ளும். வலப்புறக் காற்று இடமும் சற்று மேலும் தள்ளும். அதனால் உங்கள் குண்டுகள் கடிகாரத்தில் பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குச் சாய்கோடாக விழுந்திருந்தால், ரைபிளைத் தொடாமல் கொடியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கொடி அசையாமலும் பரவினால் கையைப் பாருங்கள். விரல் ஸ்டாக்கை உரசிக்கொண்டே ட்ரிகரை இழுக்கிறதா? விரலின் முதல் கணு ட்ரிகரில் நேராகப் பின்னோக்கி வர வேண்டும். கை பெரியவர்களுக்கு ட்ரிகர் பிளேடை முன்னே நகர்த்த வசதி உண்டு, அதற்கு எந்த மெக்கானிக்கும் தேவையில்லை.

மூன்றாவது, சாய்வு. ரைபிள் வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு வலமும் கீழும் போகும். கொஞ்சம் சாய்ப்பது தவறில்லை. தினம் ஒரு கோணத்தில் சாய்ப்பதுதான் தவறு.

தினமும் ஜீரோ (சைட் காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி வைத்த அமைப்பு) மாறுகிறது

சைட் திருகுகள். நூறில் எழுபது முறை இதுதான் என்பேன். இது என் கைக்கணக்கு, ஆராய்ச்சி அல்ல. மெட்ரோவில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை, ஆகவே ரைபிள் காரில் வருகிறது, டெல்லிச் சாலையின் பள்ளம் ஒவ்வொன்றும் திருகுகளை அசைத்துப் பார்க்கிறது. டயாப்டரும் முன்சைட் சுரங்கமும் டவ்டெயில் எனப்படும் 11 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் பிடித்திருக்கும். அவற்றின் இடத்தைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். கோடு நகர்ந்திருந்தால் வேறு விசாரணை தேவையில்லை.

டெலஸ்கோப் போட்டுப் பயிற்சி செய்பவர்களுக்கு இன்னொன்று. வேட்டை டெலஸ்கோப்கள் பலவற்றில் பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தாலும் குறுக்குக்கோடு நகராத தூரம், 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, நிலைப்படுத்தப்பட்டிருக்கும். அதை 50 மீட்டரில் பயன்படுத்தினால் கண் சற்று நகர்ந்தாலும் குறுக்குக்கோடு இலக்கில் நகரும். ரைபிளை மணல்மூட்டையில் வைத்துவிட்டு, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோடு நீந்தினால் நீங்கள் ஜீரோ செய்தது உங்கள் கழுத்தைத்தான்.

திருகு, டெலஸ்கோப் எதுவும் இல்லை என்றால் கன்னம். கண்ணை மூடி ரைபிளை எடுத்து, கன்னத்தைச் சுகமாகச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். டயாப்டர் ஓட்டையின் நடுவில் முன்சைட் வட்டம் தெரிய வேண்டும். தேட வேண்டியிருந்தால் சீக் பீஸ், அதாவது கன்னம் சாயும் கட்டை, உயரம் தவறு. ரைபிளை உடம்புக்கேற்ப மாற்றுவது என்றால் எனக்கு முதலில் இதுதான், பளபளக்கும் பாகங்கள் அல்ல. சீக் பீஸை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி, ஒவ்வொரு நிலைக்கும் தனி எண்ணைக் குறித்து வையுங்கள். மண்டியிடுவதற்கும் படுப்பதற்கும் நிற்பதற்கும் ஒரே எண் வராது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த மூன்று நிலைப் போட்டியில்தான். நிலை மாறும்போது நல்ல வீரர்கள் ரைபிளில் எத்தனை இடத்தில் கை வைக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

முதல் குண்டு மட்டும் தனியே போகிறது

எண்ணெய். பேரலை எண்ணெயோடு வைத்துவிட்டு அப்படியே சுடுகிறீர்கள். சுடுவதற்கு முன் இரண்டு உலர்ந்த துணியைச் சேம்பர் பக்கமிருந்து தள்ளி எடுங்கள். சுத்தம் செய்த பேரலுக்குப் பத்து, இருபது குண்டாவது போனால்தான் குரூப் அடங்கும், ஏனென்றால் குண்டின் மேலுள்ள மெழுகு பேரல் முழுவதும் பூசிக்கொள்ள வேண்டும். தோட்டா பிராண்டை மாற்றினாலும் அப்படியே. அதனால் முதல் சைட்டரை (கணக்கில் சேராத சோதனைக் குண்டை) பார்த்து டயாப்டரைத் திருப்பாதீர்கள்.

வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குரூப் பெரிதாகிறது

சேம்பருக்குச் சற்று முன்னே ஈயமும் மெழுகும் கரியும் சேர்ந்து வளையம் கட்டியிருக்கும். துடைக்கும் கம்பி பேரலை உரசாமல் காக்கும் போர் கைடு போட்டு, சேம்பரிலிருந்து முகப்பை நோக்கி மட்டும் துடையுங்கள். முகப்பிலிருந்து கம்பியை நுழைப்பவர்கள் பேரலின் கிரவுனை (முகப்பு விளிம்பை) தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். கிரவுன் சந்தேகமாக இருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியை விளிம்பில் உள்ளிருந்து வெளியே மெல்ல இழுத்துச் சுற்றிலும் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. அதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பேரலைக் கொஞ்சம் வெட்டிவிடலாமே என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உரிமமில்லாமல் பேரலைக் குட்டையாக்குவது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

ட்ரிகர் நினைப்பதற்கு முன்பே விடுகிறது

50 மீட்டர் ரைபிளில் ட்ரிகர் எடைக்கு (ட்ரிகர் விடுபடத் தேவையான அழுத்தத்துக்கு) விதியில் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. அதனால் இளைஞர்கள் இறகு எடைக்குக் குறைத்துவிடுகிறார்கள். ஜனவரிப் பனியில் விரல் மரத்துப்போனதும் அது தொட்டதும் விடும். குளிரில் எடையைக் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் காலி ரைபிளில் போல்ட்டை வேகமாக மூடினாலோ, ரைபிளின் பின்முனையைத் தரையில் லேசாகத் தட்டினாலோ தானாக விட்டால், அது எடைப் பிரச்சினை அல்ல. அந்த ரைபிளில் தோட்டா போடாதீர்கள். உள்ளே திருகி விளையாடவும் வேண்டாம். ஆர்மரரிடம், அதாவது துப்பாக்கி மெக்கானிக்கிடம், போக வேண்டிய விஷயம்.

'க்ளிக்' என்கிறது, வெடிக்கவில்லை

முகப்பை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. அதற்குப் பிறகு போல்ட்டைத் திறந்து தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். பாயின்ட் 22-இல் பற்றவைக்கும் மருந்து விளிம்பில்தான் இருக்கும். குழி ஆழமாக விழுந்திருந்தால் தோட்டாவின் குறை. லேசாகக் கீறியதுபோல் இருந்தால் ஃபயரிங் பின் பலமாக அடிக்கவில்லை. குளிர்காலமானால் பெரும்பாலும் போல்ட்டுக்குள் கிரீஸ் கெட்டியாகியிருக்கும். போல்ட்டைப் பிரித்து, பழைய கிரீஸை முழுதாகத் துடைத்து, ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய். அதற்கும் சரியாகாவிட்டால் ஸ்பிரிங் மாற்ற வேண்டிய நேரம். இப்படி விளிம்பில் அடித்து வெடிக்கும் பழைய ரிம்ஃபயர் ரைபிள்களில் வெறுமனே ட்ரிகர் அழுத்திப் பயிற்சி செய்தால் பின் சேம்பர் விளிம்பில் இடித்துப் பள்ளம் போடும். பயிற்சிக்கு ட்ரை ஃபயர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

வெடித்த சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டு, இலக்கில் ஓட்டையும் இல்லையென்றால் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம்.

போல்ட் மூட மறுக்கிறது, அல்லது கூடு வெளியே வரவில்லை

மேட்ச் சேம்பர் இறுக்கமானது. குண்டு ரைஃப்ளிங்கில், அதாவது பேரலின் உள்வரிகளில், லேசாகப் பதிந்துதான் போல்ட் மூடும், அந்தச் சிறு எதிர்ப்பு இயல்பு. நேற்றுவரை சுலபமாக மூடியது இன்று முட்டினால் சேம்பரில் மெழுகும் கரியும் சேர்ந்திருக்கிறது. கூடு உள்ளேயே நின்றால் அதே அழுக்கு, அல்லது கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தேய்ந்திருக்கிறது. கொக்கிக்கு அடியில் பல் குத்தும் குச்சியை விட்டுச் சுத்தம் செய்து பாருங்கள், பாதி கேஸ்கள் அதிலேயே முடியும்.

வெடிக்காத தோட்டா உள்ளே மாட்டிக்கொண்டால் மட்டும் எந்தக் குச்சியும் வேண்டாம், முகப்பிலிருந்து கம்பியும் வேண்டாம். ரைபிளை இலக்கை நோக்கியே வைத்து, கையை உயர்த்தி, ரேஞ்ச் ஆபீஸர் உங்கள் லேனுக்கு வரும்வரை அப்படியே இருங்கள்.